மெயின் சுவிட்ச்

ஒன்பதரைக்கு மெயின் சுவிட்சை இறக்குவன்.
பிறிட்ஜ் கடைசியாய் ஒருக்கால் இருமி அடங்கும்.
ஃபான் தன்பாட்டில் சுத்திக் களைச்சு நிக்கும்.
பிறகுதான் இவர் அறைக்குள் வருவார்.
பகல் முழுக்க வீட்டுக்குள்ளும்
செருப்போட நிண்ட மனுசன்
அப்பதான் செருப்பைக் கழட்டுவார்.

பில் கட்டேல்லையோ எண்டு
மதிலுக்கு மேலால் கேட்டா பக்கத்து வீட்டு ரீச்சர்.
ஓம் ரீச்சர், கட்டேல்லை எண்டன்.
வேற என்னத்தைச் சொல்ல?
சுன்னாகத்தில், ட்ரான்ஸ்போமருக்கு ஆறாவது வீட்டில்
குப்பிவிளக்கோட இருக்கிறம்.

தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை எண்டவர் கிளியண்ணை.
ஏசி அறை, சாப்பாடு, மாசம் மூண்டரை லட்சம்.
என்ர தாலிக்கொடி வித்த காசில் ரிக்கற்.
பாங்கொக்கில் இறங்கினவரை வானில் ஏத்தி,
இரவோட இரவாய் ஒரு ஆத்தைக் கடத்தி,
விடிய முள்ளுக்கம்பிக்கு உள்ளுக்கை விட்டிருக்கினம்.
ஆத்துக்கு அங்கால வேற நாடு.
அதே இவருக்கு நாலாம் நாள்தான் தெரியும்.

பதினொரு மாசம்.
திரைக்கு முன்னால் இவர் வர்ஷினி,
வயசு முப்பத்தாறு, மெல்பேர்னில் நேர்ஸ்.
கணக்குக் குறைஞ்ச இரவுகளில்
ஈரத் துவாய், பிறகு கரண்ட்.
இதை எனக்குச் சொல்லேல்லை.
தெல்லிப்பழை டொக்டருக்குச் சொன்னதைக்
கதவுக்கு வெளியில் நிண்டு கேட்டனான்.
எனக்குச் சொன்னது வேற:

கனடாவில் ஒரு காரைநகர் மனுசன்.
மனுசி செத்து ரெண்டு வரியம்.
எழும்பின உடன வர்ஷினிக்கு எழுதுவார்,
சாப்பிட்டியா பிள்ளை எண்டு.
அண்டைக்கு எனக்குச் சாப்பாடு மறிச்சிருந்தது.
இல்லை எண்டு எழுதினன்.
அங்க நான் எழுதின ஒரே உண்மை.
அதுக்குத்தான் அவர் முதல் காசு அனுப்பினவர்.

டொக்டர் ஒரு பேர் சொன்னவர், நீளமான பேர்.
குளிசை எழுதினவர். நல்ல மனுசன்.
ஆனா தேருக்குப் பட்டுவேட்டியோட வந்த கிளியண்ணை
எப்ப தம்பி வந்தனீர், மெலிஞ்சு போனீர் எண்டதுக்கு
எந்தக் குளிசை எண்டு நான் கேக்கேல்லை.
இவர் சிரிச்சவர்.
சிரிச்சபடி வேட்டியோட மூத்திரம் போனவர்.
கச்சான்காரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்
என்ர சேலைத் தலைப்பால் துடைச்சன்.
சனம் அரோகரா எண்டுது.

ஆற்றையும் போன் டிங் எண்டால் விரல் ஓடத் தொடங்கும்,
சோத்துக் கோப்பையில், கதவு நிலையில்,
நித்திரையில் என்ர முதுகில்.
என்ன எழுதுறார் எண்டு எனக்கு விளங்காது.
கடைசித் தட்டு மட்டும் பெலமாய் விழும்.
அனுப்பிப்போட்டார்.

போன வெள்ளி மதுஷாவுக்கு இழுப்பு.
இரவு பன்னிரண்டரை.
பிள்ளையின்ர விலா உள்ளுக்கை போய்ப் போய் வருது.
புகை பிடிக்கிற மெசினுக்குக் கரண்ட் வேணும்.
நான் ஓடிப்போக
இவர் முதலே அங்க நிக்கிறார், இருட்டில்,
சுவிட்சுக்கு நேர கையை நீட்டினபடி,
தொடாமல்.
தள்ளுங்கோ, நான் போடுறன் எண்டு சொல்ல
வாய் வந்தது. சொல்லேல்லை.
பிள்ளை இருமினா.
டக்.

வீடு ஒரேயடியாய் எழும்பிச்சு.
லைற், ஃபான், பிறிட்ஜ், சாமிப்படத்துச் சிவப்பு பல்ப்.
இவர் கத்தினவர்.
கத்திக்கொண்டே மாஸ்க்கைப் பிடிச்சவர்.
மெசின் குருகுருக்க, வேர்வை ஒழுக,
பிள்ளைக்கு மூச்சு எண்ணிக் குடுத்தவர்:
ஒண்டு, ரெண்டு, விடம்மா, ஒண்டு, ரெண்டு.
அவ நித்திரையானாப் பிறகு
முத்தத்தில் சத்தி எடுத்தவர்.
விடியுமட்டும் கிணத்துக்கட்டில் இருந்தவர்,
செருப்போட.

அடுத்த இரவும் ஒன்பதரைக்கு இறக்கினன்.

அதுக்கு முதல், காலமை,
ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பாத்தா.
ராத்திரி லைற் எரிஞ்சுதே, பில் கட்டியாச்சோ?
கொஞ்சம் கட்டினனாங்கள், ரீச்சர்.